18,000 பி.ரி.யூ. ஏசியாலும் போகாத புழுக்கம்: கோண்டாவில் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணிக்குள் நிற்கும் மாடி வீடு அது. மேலே தட்டைக் கொங்கிறீற்றாலான பிளாற் கூரை, சுற்றிவர ஆறடி மதில். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் மனைவியும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில். மேல்மாடியில் மேற்கு மூலையில் உள்ள படுக்கையறைக்கு முதலில் 12,000 பி.ரி.யூ. (மணிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்ற அளவு) ஏசி ஒன்று பூட்டியிருந்தார்கள். சித்திரை மாதப் பின்னேரங்களில் அது அறையைக் குளிர்விக்கவில்லை. வாங்கிய கடையில் போய்க் கேட்டபோது, அறைக்கு அது காணாது, 18,000 போட்டால் சரிவரும் என்றார்கள். அதையும் போட்டார்கள். மகள் காசு அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கார அம்மா விசயத்தை இரண்டே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். "தம்பி, போட்டால் குளிருது, நிப்பாட்டினால் அவியுது. போட்டுக்கொண்டு படுத்தாலும் போர்வை ஈரமாக் கிடக்கிறமாதிரி ஒரு பிசுபிசுப்பு."

மாஸ்ரருக்கு மின்கட்டணம்தான் கவலை. மாதம் 110, 120 யூனிற்றில் நின்ற வீடு 300 யூனிற்றைத் தாண்டிவிட்டது. நம் கட்டண முறையில் 180 யூனிற்றுக்கு மேலே போகும் ஒவ்வொரு யூனிற்றுக்கும் உச்ச விலை. இரண்டு பேர் ஓர் அறையில் படுப்பதற்கு இவ்வளவு செலவா என்ற அவருடைய கேள்வி நியாயமானது.

இந்த வீட்டை விரிவாக எழுதுவதற்குக் காரணம், யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்பும் மாடி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே நோய் இருப்பதுதான். ஏசி வாங்குகிறோம். அது காணாவிட்டால் அதைவிடப் பெரியதை வாங்குகிறோம். வெப்பம் எந்த வழியால், எவ்வளவு உள்ளே வருகிறது என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு முதலில் வரவேண்டும். வெய்யிலையும் ஈரத்தையும் வீட்டுக்கு வெளியே நிறுத்துவது அடுத்தது. மிசின் கடைசி.

பார்த்ததும் அளந்ததும்

அறை 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கூரை ஐந்து அங்குலக் கொங்கிறீற். மேலே ஒன்றும் இல்லை. மழையும் பாசியும் பட்டு ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது. மேற்குச் சுவர் ஆறு அங்குலச் சீமெந்துக் கல். அந்தச் சுவரில் ஐந்தடிக்கு நாலடி கண்ணாடி யன்னல், உள்ளே திரைச்சேலை. யன்னலுக்கு மேலே ஒன்றரை அடி நீட்டிய கொங்கிறீற் மறைப்பு இருக்கிறது. ஆனால் நாலு மணிக்குப் பிறகு சூரியன் கீழே இறங்கி நேரே உள்ளே பார்க்கும்போது மேலேயுள்ள மறைப்பால் பயனில்லை. மேற்கு வெய்யிலை மறைக்கக் கண்ணாடிக்கு முன்னால், நிலைக்குத்தாக ஏதாவது நிற்கவேண்டும்.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். சுவர்களைவிடக் கூரைதான் அடி வாங்குகிறது. வெய்யில் உச்சத்தில் இருக்கும் காண்டாவன நாட்களில் வெறும் பிளாற்றின் மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

ஏசியை நிறுத்திவைத்துவிட்டுப் பார்ப்பதைவிட, அவர்கள் வழமையாகப் பாவிப்பதுபோலவே ஓடவிட்டு அளந்தேன். மாலை 5 மணிக்குப் பிளாற்றின் அடிப்பக்கம் 41 பாகை. இரவு 9 மணிக்கும் 36. மனிதத் தோல் சுமார் 33, 34 பாகையில் இருக்கும். அதாவது கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர் மேல், தன் உடம்பைவிடச் சூடான ஒரு பெரிய பரப்பு இரவிலும் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது. அறைக் காற்றைக் குளிராக்கினாலும் அந்த வீச்சு நிற்காது. அதனால்தான் மாஸ்ரர் பின்னேரங்களில் ரிமோட்டில் 18 வரை இறக்கியிருக்கிறார். இந்த ரக மிசினில் 18 வைத்தால் கெதியாகக் குளிரும் என்பதும் சரியில்லை. கொம்பிரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்பது என்பது மட்டும் மாறும்.

அறைக் காற்று இரவில் 24 பாகை, ஈரப்பதன் 78 வீதம். அம்மா சொன்ன பிசுபிசுப்பு இதுதான். உடம்பு குளிர்கிறது, வியர்வை காய்வதில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். யன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்காக வைத்த பூக்கல்லுகள் இரண்டும் திறந்தபடி. அங்கே பிடித்தால் புகை அறைக்குள்ளேயே திரும்பி வந்தது. வெளிக்காற்று அதனால் உள்ளே வருகிறது. உள்ளே வரும் காற்று எங்கோ வெளியே போகவும் வேண்டுமே. அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவடியில் ஊதுபத்தியைப் பிடித்ததும் விடை கிடைத்தது. புகை ஒரு நூல்போல நேராக இழுபட்டுக் கதவுக்குக் கீழே போனது. உள்ளே நாலு அங்குல வெளியேற்று ஃபான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது ஏன் ஓடுது?" என்று கேட்டேன்.

"லைற்றும் அதுவும் ஒரே சுவிச் தம்பி. இரவிலை எழும்பினால் இவர் தடக்கி விழுந்திடுவார் எண்டு லைற்றை எரியவிட்டுத்தான் படுக்கிறனாங்கள்."

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரவு விளக்கு அவசியம். அதில் பிழை சொல்ல இடமில்லை. பிழை வயரிங்கில். ஒரே சுவிச்சில் இரண்டையும் கொடுத்ததால், இரவு முழுக்க அந்தச் சின்ன ஃபான் குளிர்ந்த காற்றை வெளியே தள்ள, அதே அளவு வெளிக்காற்று பூக்கல்லால் உள்ளே வந்துகொண்டிருந்தது. அறையிலுள்ள காற்று முழுவதும் மணிக்கு இரண்டு தடவை மாறுவதாக மதிப்பிட்டேன்.

அப்புறம் அலுமாரியை நகர்த்திப் பார்த்தோம். பின்சுவரில் ஓராள் உயரத்துக்குப் பூஞ்சணம். உள்ளே மடித்து வைத்திருந்த அம்மாவின் கூறைச் சீலையில் மஞ்சள் புள்ளிகள். அவர் அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்ப மடித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் மின்கட்டணத்தைப் பற்றி அதற்குமேல் கதைக்கவில்லை.

பூஞ்சணத்துக்குக் காரணம் காலையில் நடப்பது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் நம் காற்றின் பனிபடுநிலை 25, 26 பாகை வரை நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்றுப் பட்டாலும் தண்ணீர் படியும். இவர்கள் விடிய ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தி, நல்ல காற்று வரட்டும் என்று யன்னலைத் திறக்கிறார்கள். அந்நேரம் சுவர் 23, 24 பாகை. வெளிக்காற்று உள்ளே வந்ததும் சுவர் வியர்க்கிறது. காற்று அசையாத இடமான அலுமாரிக்குப் பின்னால் அந்த ஈரம் காய்வதேயில்லை.

கணக்கு

மாஸ்ரரின் மகளோடு வட்ஸ்அப்பில் கதைத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, அறைக்கு எவ்வளவு லோட் எண்டு ஆராவது கணக்குப் பாத்தவையே?" அவள் இருக்கும் ஒன்ராறியோவில் புது வீட்டுக்கு அனுமதி எடுக்கும்போது, வெப்ப இழப்பு, வெப்ப வரவுக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கனடாவில் அதற்கு சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற நியமம் இருக்கிறது. அமெரிக்காவில் மனுவல் ஜே என்ற கைநூல் அறை அறையாக வெப்பச் சுமையைக் கணிக்கிறது, மனுவல் எஸ் அதற்கேற்ற மிசினைத் தெரிகிறது, மனுவல் டி காற்றுக் குழாய்களை அளவிடுகிறது. அந்த வரிசைதான் முக்கியம். சுமை தெரியாமல் மிசினுக்குப் போவதில்லை.

அங்கே கணக்கின் பெரும்பகுதி வெப்பநிலை வித்தியாசம். வெளியே சுழியத்துக்குக் கீழே 18 பாகை, உள்ளே 22 என்றால் 40 பாகை வித்தியாசம். வீடு முழுக்கச் சூடாக்க வேண்டும். நமக்கு வெளியே 32, 33, உள்ளே 26. வெறும் ஆறேழு பாகைதான். இந்த எண்ணைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்குக் கணக்கெல்லாம் தேவையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கே சுமையைத் தருவது வெய்யிலும் ஈரமும். அவை வெப்பமானியில் தெரிவதில்லை. ரொறன்ரோ வீட்டின் முறையை எடுக்கலாம், எண்களை எடுக்க முடியாது.

வெளியே 32 பாகை, காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 21.5 கிராம் ஈரம். உள்ளே 26 பாகை, 55 வீத ஈரப்பதன், அதாவது கிலோவுக்கு 11.6 கிராம். இதை வைத்து மாலை 5 மணிக்குப் போட்ட கணக்கு இது.

கூரையால் வருவது சுமார் 1,470 வாற். வெறும் கொங்கிறீற் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். காரைப் பூச்சையும் சேர்த்தாலும் ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு 3.3 வாற் போகும். கறுத்த மேற்பரப்பு வெய்யிலில் 60 பாகைக்கு ஏறிவிடுகிறது. கொங்கிறீற் அதை உடனே கீழே விடாமல் மூன்று நாலு மணி நேரம் பிந்தி விடுவதால், பகல் வெய்யில் பின்னேரத்தில் அறைக்குள் வந்து சேர்ந்து, நாம் படுக்கப் போகும் நேரத்திலும் மிஞ்சி நிற்கிறது. அடுத்து, மேற்குச் சுவரால் 380. யன்னலால் திரைச்சேலை இருந்தும் 625. இரண்டு பேரின் உடம்பால் 210, விளக்கு தொலைக்காட்சிக்கு 100. வெளிக்காற்றுக் கசிவால் 970. அதில் 780 வாற் ஈரத்தை மட்டும் எடுப்பதற்கு. மொத்தம் 3,750 வாற்றுக்குச் சற்று மேலே, சுமார் 12,800 பி.ரி.யூ.

இந்த ஒரே எண்ணில் அந்த வீட்டின் கதை முழுக்க இருக்கிறது. 12,000 மிசின் பின்னேரத்தில் தோற்றது சரிதான், அது 800 குறைவு. 18,000 பின்னேரத்தில் வென்றதும் சரிதான். ஆனால் இரவு பத்து மணிக்கு வெய்யில் இல்லை. வெப்பநிலையைக் குறைக்க மட்டும் வேண்டிய சுமை 1,400 வாற் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் இந்தப் பெரிய மிசின் ஆறேழு நிமிடம் ஓடி அறையைக் குளிராக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்கிறது. ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. உள்ளேயுள்ள கொயில் (குளிரும் குழாய்ச் சுருள்) குளிர்ந்து, அதில் தண்ணீர் படிந்து, வடிந்து குழாய்க்கு வருவதற்கே சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் கொம்பிரசர் நின்றுவிடும். ஆனால் உள் ஃபான் நிற்பதில்லை. கொயிலில் ஒட்டியிருந்த தண்ணீரை அது திரும்ப அறைக்குள்ளேயே காற்றாக்கிவிடுகிறது.

ஒரு சோதனையும் செய்தோம். வடிகுழாய்க்குக் கீழே வாளி வைத்தோம். விடிய ஏறக்குறைய ஏழு லீற்றர். "இவ்வளவு தண்ணி எடுக்குதே, பிறகேன் ஈரம்?" என்றார் மாஸ்ரர். எடுத்தது ஏழு லீற்றர்; அதற்கு ஈடாக வெளியிலிருந்து இரவு முழுக்க வந்துகொண்டே இருந்தது. இந்த ஏழு லீற்றரை நினைவில் வைத்திருங்கள், கீழே திரும்ப வரும்.

செய்தது

முதல் வேலைக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். குளியலறை ஃபானையும் லைற்றையும் தனித்தனிச் சுவிச்சுக்கு மாற்றினோம். லைற்றும் சின்ன எல்.ஈ.டி. ஆக்கப்பட்டது. பூக்கல்லுகளுக்கு உள்பக்கம் திறந்து மூடும் மரப்பலகைக் கதவு வைத்தோம்; ஏசி இல்லாத மாதங்களில் திறக்கலாம். யன்னல் நிலையைச் சுற்றி இருந்த வெடிப்புகளைச் சிலிக்கனால் அடைத்தோம். அறையை முற்றாக மூடவில்லை. மூச்சுக்கு வெளிக்காற்று வேண்டும். கூடத்துக்கான கதவடியில் அரை அங்குல இடைவெளியை அப்படியே விட்டேன். கூடம் எப்போதும் திறந்தே கிடப்பது. காற்று மாற்றம் மணிக்கு ஒரு தடவை அளவுக்குக் குறைந்தது.

மேற்கு யன்னலுக்கு வெளியே, கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளிச் சாய்த்த பலகைகள் கொண்ட மரத் தட்டி. திரைச்சேலையை எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் வெய்யில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் அந்த வெப்பம் அறைக்குரியதுதான். வெளியே மறித்தால் வெளியே போகும். நம் பழைய வீடுகளின் விறாந்தையும் தாழ்ந்த கூரை இறப்பும் செய்தது இந்த வேலையைத்தான். நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் அறைச் சுவர்களில் நேர் வெய்யில் படுவது குறைவு. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் வாற் கணக்குப் போடவில்லை, ஆனால் சூரியன் எங்கே வருகிறது என்று தெரிந்து கட்டினார்கள். நாம் அதை விட்டுவிட்டுப் படத்தில் அழகாகத் தெரியும் கண்ணாடிக்குப் போயிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விசயம்.

பெரிய வேலை கூரை. பக்கத்து வீட்டில் பின்னேரம் பிளாற்றின்மேல் கிணற்றுத் தண்ணீர் அடிக்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்தால் போதாதா என்று மாஸ்ரர் கேட்டார். குளிரும், மறுக்க முடியாது. ஆனால் நம் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர்தான். வற்றாத ஆறில்லாத ஊரில் குடிக்கும் தண்ணீரைக் கூரையில் ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. அந்தக் கடின நீர் காய்ந்தால் சுண்ணாம்புப் படையும் பிடிக்கும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஹல்வதுரவும் ஜயசிங்கவும், பிளாற் கூரைக்கு மேலே காப்புப் படை வைத்து அதன்மேல் மெல்லிய கொங்கிறீற் போடும் முறையை நம் காலநிலைக்காக ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டார்கள். அந்த வழியில்தான் போனோம். பிளாற்றைக் கழுவி, வெடிப்பு அடைத்து, தண்ணீர் புகாத பூச்சுப் பூசி, அதன்மேல் 25 மில்லிமீற்றர் தடிப்பில் நெருக்கமான றிஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரைப் பலகை). பெட்டிகளுக்குள் வரும் லேசான றிஜிபோம் இதற்கு ஆகாது, அமுங்கிவிடும். அதற்கு மேலே வலை விரித்து 40 மில்லிமீற்றர் கொங்கிறீற், தண்ணீர் வடியும் பக்கம் சாய்வோடு. ஆள் நடந்தால் பாரம் றிஜிபோமில் விழாதபடி இடையிடையே கொங்கிறீற் பட்டிகள். மேசன் முதலில் இந்தப் பட்டிகளை விட்டுவிடப் பார்த்தார். ஏன் வேண்டும் என்று சொன்னதும் அவரே நூல் பிடித்து நேராகப் போட்டார். கடைசியில் வெள்ளைக் கூரைப் பூச்சு. அறையின் எல்லையோடு நிறுத்தாமல் சுற்றிவர இரண்டடி கூட்டிப் போட்டோம். இல்லாவிட்டால் பக்கத்துப் பிளாற்றின் சூடு கொங்கிறீற் வழியாகவே பக்கவாட்டில் வந்துவிடும்.

வெள்ளைப் பூச்சு வெள்ளையாக இருந்தால்தான் வேலை செய்யும். மாரி மழைக்குப் பிறகு பாசி பிடிக்கும். தை பிறந்ததும் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகு அதே கணக்கை மீண்டும் போட்டேன். கூரை 180 வாற். மேற்குச் சுவர், வெளிர் நிறம் பூசியபின் 250. யன்னல் 255. ஆட்கள் 210, விளக்கு 60. கசிவு 485. மொத்தம் 1,440 வாற், ஏறக்குறைய 4,900 பி.ரி.யூ. 12,800 இலிருந்து 4,900. இதுவரை எந்த மிசினையும் தொடவில்லை.

மிசின்

கடைகளில் கிடைப்பவற்றில் ஆகச் சின்னது 9,000. இந்தச் சுமைக்கு அதுவே கூட. அதனால் இன்வேர்ட்டர் ரகம் எடுத்தோம். அதன் கொம்பிரசர் வேகத்தைக் குறைத்து, நிற்காமல் மெதுவாக ஓடும். கொயில் எப்போதும் குளிராகவே இருப்பதால் ஈரம் தொடர்ந்து வடியும். வாங்கும்போது உச்சக் கொள்ளளவை மட்டும் பார்க்காமல் எவ்வளவு கீழே இறங்கி ஓடும் என்பதையும் கேளுங்கள். 1,000 வாற் வரைக்கும் இறங்கக்கூடியதாகப் பார்த்து எடுத்தோம். 18,000 மிசினை மாஸ்ரர் விற்றுவிட்டார்.

பழைய மிசினின் வெளிப்பகுதி தண்ணீர்த் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே, தகரத்துக்குக் கீழே இருந்தது. வெளியே 33 பாகையாக இருந்தபோது அது உள்ளே இழுத்த காற்று 41. தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. புதியதை வடக்குச் சுவரில், முன்னால் திறந்த வெளி இருக்கும்படி வைத்தோம். செப்புக் குழாயும் குட்டையானது.

பூட்டும் வேலையில் ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் இழுத்து எடுத்து, மானியில் முள் நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்கவேண்டும். கொஞ்சம் காஸ் விட்டுக் காற்றைத் தள்ளிவிடும் குறுக்கு வழியை இங்கே பலர் செய்கிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். மிசின் நாலைந்து வருடத்தில் களைத்துவிடும். பிறகு மிசினின் பெயரைக் குறை சொல்வோம்.

உள்பகுதி முன்பு கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்தது. அதை அகலச் சுவருக்கு மாற்றினோம், காற்று அறையின் நீளத்துக்குப் போய்த் திரும்பும்படி. ஆள்மேல் நேரே விழாது.

பாவனையும் பெறுபேறும்

26 பாகையில் வைத்து, கூரை ஃபானை மெதுவான வேகத்தில் சுழலவிடச் சொன்னேன். மாஸ்ரருக்கு நம்பிக்கை வரவில்லை. "18இலேயே வேர்த்தது, 26இலை எப்பிடித் தம்பி?" உடம்பில் படும் காற்று செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் போனால் இரண்டரை, மூன்று பாகை குறைந்ததுபோல உணர்வோம். ஈரம் குறைந்த காற்றில் அது இன்னும் நன்றாகத் தெரியும். அதற்கு மேலே, தலைக்கு மேலிருந்த 41 பாகைப் பிளாற் இப்போது மாலை 5 மணிக்கு 28.5இல் நிற்கிறது. "ஒரு கிழமை பாருங்கோ, சரிவராட்டி இறக்குவம்" என்றேன். இறக்கத் தேவை வரவில்லை. இப்போது விடியற்புறம் அம்மா 27க்கு ஏற்றிவிடுகிறாராம்.

இரவில் அறை 26.5 பாகை, 56 வீத ஈரப்பதன். ஏசிக்குத் தனி மீற்றர் பூட்டிப் பார்த்ததில், முன்பு ஒரு இரவுக்கு ஏழெட்டு யூனிற் எடுத்த அறை இப்போது இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் எடுக்கிறது. வீட்டின் மொத்தப் பாவனை 200 யூனிற்றைச் சுற்றி நிற்கிறது. 180க்குக் கீழே போக இன்னும் கொஞ்சம் இருக்கிறது; பழைய குளிர்சாதனப் பெட்டியில் எனக்குச் சந்தேகம்.

திரும்பவும் வாளி வைத்தோம். ஆறு லீற்றர். முன்பு ஏழு, இப்போது ஆறு. வாளியைப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. அறையில் ஈரப்பதன் மட்டும் 78இலிருந்து 56க்கு வந்துவிட்டது. உள்ளே வரும் ஈரம் பாதியானதால், சின்ன மிசின் எடுக்கும் ஆறு லீற்றரே போதுமானதாகிவிட்டது. ஏசியில் தண்ணீர் நிறைய வடிகிறது, அதனால் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்பவர்களுக்கு இந்த வாளியைக் காட்டவேண்டும்.

பூஞ்சணச் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அலுமாரியை நாலு அங்குலம் தள்ளி வைத்தோம். சுவர் இப்போது 26க்குக் கீழே போவதில்லை என்பதால் காலையில் வியர்ப்பது நின்றுவிட்டது. இருந்தாலும் யன்னலை ஏசி நிறுத்திய கையோடு திறக்காமல் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். சீலையில் இருந்த புள்ளிகள் போகவில்லை.

எதிர்பாராத ஒரு நன்மை மின்வெட்டில் தெரிந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் இந்த மேல்மாடியில் மனிதர் இருக்க முடியவில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். இப்போது பின்னேரம் மின்சாரம் போனாலும் அறை மெல்லத்தான் சூடேறுகிறது. பெரிய மிசின் மட்டும் வாங்கிய வீட்டில் மின்சாரம் போனால் மிஞ்சுவது பழைய சூளைதான்.

ஒரு குறையும் உண்டு. மேலே காப்புப் போட்ட பிளாற் இரவில் வானத்துக்குத் தன் சூட்டை விட்டுக் குளிர்வதும் குறைகிறது. ஏசி பாவிக்கும் அறைக்கு இதனால் நட்டம் பெரிதில்லை. ஏசி இல்லாத மாடி அறை என்றால், பகல் சூடு உள்ளே சேராதபடி இரவில் யன்னல்களை எதிரெதிரே திறந்து வைப்பது கட்டாயம்.

கீழ்மாடி

கீழே ஏசி தேவையில்லை. இதை நான் சொன்னபோது மகள் தொலைபேசியில் கொஞ்சம் தயங்கினாள். அம்மா பகலெல்லாம் கீழேதான் இருப்பவர், அங்கேயும் ஒன்று பூட்டக் காசு ஒதுக்கி வைத்திருந்தாள். ஆனால் கீழ்க் கூடத்துக்கு மேலே பிளாற்றுக்குப் பதில் மேல்மாடி இருக்கிறது, வெய்யில் படுவதில்லை. அங்கே குறை காற்று மட்டும். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை சோளகம் தெற்கு, தென்மேற்கிலிருந்து வீசும் ஊர் இது. அந்தப் பக்கத்து யன்னலுக்கு நாலடி முன்னால் ஆறடிச் சீமெந்து மதில். முன்பு அங்கே கிடுகு வேலி இருந்ததாம். வேலி ஆள் பார்வையை மறைத்துக் காற்றைக் கசியவிடும். மதில் இரண்டையும் மறித்துவிட்டது.

மதிலை இடிக்க மாஸ்ரருக்கு விருப்பமில்லை, பாதுகாப்பு என்று. அதனால் யன்னலுக்கு நேரே எட்டடி நீளத்துக்கு, இடுப்பளவுக்கு மேலே உள்ள கல்லுகளை எடுத்துப் பூக்கல் வைக்கிறோம். எதிர்ப்பக்கம் வடக்குச் சுவரில், வந்த காற்று வெளியேற, மேலே கிறில் போட்ட ஒரு திறப்பு. வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. பலர் தெற்கில் பெரிய யன்னல் வைத்துவிட்டு வடக்கை மூடிவைத்திருப்பார்கள். மேற்கு மூலையில் வேம்பு ஒன்று நட்டிருக்கிறார்கள், அது நிழல் தர வருடங்கள் எடுக்கும். மதில் வேலை சோளகம் தொடங்குமுன் முடியவேண்டும். மேசன் பங்குனியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கீழ்க் கூடத்துக்கென்று மகள் ஒதுக்கிய காசில் மேல்மாடியின் மற்ற அறைக்கும் கூரைக் காப்புப் போடப் போகிறோம்.